மூன்றாவது படி

திங்கட்கிழமை மதிய ஆட்டம் முடிந்த கையோடு மானேஜர் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்புறம் வந்தால், யாரோ ஒருவருடைய பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்று பொருள். வாசல் கூடத்தில் கண்ணாடிச் சட்டங்களுக்குள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் படமும் மாட்டியிருக்கும். வாரம் ஒரு ஊர் என்று சுற்றிக்கொண்டிருந்த பல்சுவை மேடைக்காரர்களிடம், 'உன்னை நீக்கிவிட்டேன்' என்று வாய்திறந்து சொல்கிற வழக்கம் கிடையாது. படத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

1911 நவம்பரில், யூட்டிகா நகரத்து லாரல் தியேட்டரில், தனக்கும் அது நேரலாம் என்று டெல்லா குவின்லனுக்கு அன்று காலையிலேயே பட்டுவிட்டது. ஆட்ட வரிசையில் அவளுக்கு இரண்டாவது இடம் கொடுத்திருந்தார்கள். முதல் ஆட்டம் ஜனங்கள் இடம் தேடுகிற நேரத்தில் நடப்பது. இரண்டாவது, உட்கார்ந்தவர்கள் தொப்பியையும் குடையையும் எங்கே வைப்பது என்று பார்க்கிற நேரத்தில் நடப்பது. பேர்போனவர்களுக்குக் கடைசிக்கு முந்திய இடம். கடைசி இடம் யாருக்கும் வேண்டாத இடம் என்பதால் அதைச் சினிமாவுக்குக் கொடுத்திருந்தார்கள். திரையில் படம் ஓட ஆரம்பித்தால் ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ஓட்டுவதே அதற்காகத்தான். மேடைக்காரர்கள் அதற்கு 'விளக்குமாறு' என்று பேர் வைத்திருந்தார்கள்.

டெல்லா கடைசிக்கு முந்திய இடத்தில் வருடக்கணக்காக நின்றவள். அவளும் அவள் புருஷன் ஜாஸ்பரும் ஜோடியாக ஆடினார்கள். ஜாஸ்பர் பேசுவான், அவள் விழுவாள். கை நிறையத் தேநீர்க் கோப்பைகள் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு மாடிப்படியின் உச்சியிலிருந்து உருண்டு வருவாள். ஒரு கோப்பைகூட உடையாது. பாஸ்டனிலிருந்து செயின்ட் லூயி வரைக்கும் அந்த விழுகைக்காக ஜனங்கள் காத்திருந்தார்கள். போன வருடம் ஜாஸ்பர் நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு ஆட்டம் பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்டு, துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டான். "டெல்லா, பொண்டாட்டி விழுந்தா சிரிப்பாங்க. விதவை விழுந்தா எவனும் சிரிக்க மாட்டான். தூக்கி விடத்தான் ஓடி வருவான். நீ பாட்டுப் பாடு." அவள் கறுப்பு வெல்வெட் கவுன் தைத்துக்கொண்டாள். பாடினாள். குரல் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அந்தக் குரலுக்காக யாரும் ரயில் ஏறி வரமாட்டார்கள் என்பது அவளுக்கே தெரியும்.

அன்று மதியமும் பாடினாள். கைதட்டல், ஒருவர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொள்கிற சத்தம் மாதிரி வந்து ஓய்ந்தது. மேலே தன் அறைக்குப் போய் ஷூவைக் கழற்றி உட்கார்ந்தாள். மற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் சினிமா யந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. இனி நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தம் வரவேண்டும். வரவில்லை.

அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது.

டெல்லா வெறுங்காலோடு கீழே இறங்கி வந்து, மேடையில் தொங்கிய திரைக்குப் பின்பக்கம் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். முகமெல்லாம் மாவு கொட்டிய ஒரு சமையல்காரி, கையில் கோப்பைத் தட்டோடு மாடிப்படியிலிருந்து உருண்டுகொண்டிருந்தாள்.

அது டெல்லாதான்.

கோடையில் உஷ்ணத்துக்குப் பயந்து தியேட்டர்களை எல்லாம் அடைத்துவிடுவார்கள். மற்றவர்கள் சேர்த்து வைத்ததைத் தின்பார்கள். அவளிடம் சேர்த்து வைத்தது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதனால் ஜூலை மாதம் ஒரு நாள், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கத் தொப்பி வலையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து, அக்கரையில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு சினிமாக் கொட்டகையில் போய் நின்றாள். மேடை கிடைக்காதவர்கள்தான் சினிமாவுக்குப் போவார்கள். அங்கே போனது வெளியே தெரிந்தால், பிறகு மேடையில் பாதிச் சம்பளம்கூடப் பெயராது. நல்ல காலம், சினிமாவில் நடித்தவர்கள் பேரை அப்போது யாரும் போடுவதில்லை. முகத்தில் மாவு வேறு.

அன்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினான். கீழிருந்து மூன்றாவது படியில் அவள் நின்றுவிட்டாள் என்பதற்காக. உருண்டு வந்தவள் அந்தப் படியில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி, கோப்பைகளைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏம்மா நின்னுட்டே? ஃபிலிம் ஓடுது, ஃபிலிம்!"

"சிரிப்பு அடங்கட்டும்னு."

"யாரு சிரிக்கிறா இங்க? அந்தத் தச்சனா?"

தச்சன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடைப் பழக்கம் அது. ஜனங்கள் சிரித்து முடிக்க இடம் விடாமல் அடுத்ததைச் செய்தால் இரண்டும் கெட்டுப்போகும். அவள் உடம்பு தானாக நின்றுவிட்டது, எதிரே ஒரு ஜனமும் இல்லாத கொட்டகையில். வெயில் இறங்கிவிட்டதால் டைரக்டரால் மறுபடி எடுக்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டான்.

இப்போது திரையில் அந்தச் சமையல்காரி மூன்றாவது படியில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்தாள். தியேட்டர் முழுவதும் சிரித்தது. மாடி வகுப்பிலிருந்து யாரோ காலால் தரையை உதைத்தார்கள். அவள் விட்டிருந்த இடத்துக்குள் அந்தச் சிரிப்பு அளவெடுத்தது போல அடங்கியது. அது ஓய்கிற நேரத்தில் அவள் மிச்சமிருந்த படிகளில் சறுக்கினாள். கோப்பை ஒன்றும் உடையவில்லை. தட்டை மேசைமேல் பத்திரமாக வைத்தாள். மேசையின் கால் ஒடிந்தது.

டெல்லா திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அறைக்குத் திரும்பிச் சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இந்த வருடம்தான் இந்தத் தியேட்டருக்கு வந்த, அவள் விழுந்து பார்த்திராத மானேஜர் கிராண்டல், கையில் அவள் புகைப்படங்களோடு நின்றார்.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கு மிஸஸ் குவின்லன். கறுப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"பாட்டு?"

"பாட்டும் நல்ல பாட்டுதான். எங்க அத்தை செத்தப்ப இதைத்தான் பாடினாங்க."

"அவங்களாவது எழுந்து போகாம கேட்டிருப்பாங்க" என்று சொல்லிப் படங்களை வாங்கிக்கொண்டாள் டெல்லா.

கிராண்டல் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டுக்கொண்டு, கீழே போனார். நடைவழியில் நின்று அவர் மற்றவர்களிடம் சொன்னது மேலே வரை கேட்டது. "விளக்குமாறு ஓடும்போது ஒருத்தனும் எந்திரிக்கல! என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. அந்தப் படத்துப் பொம்பளை மட்டும் என் கையில கிடைச்சா கடைசிக்கு முந்தின இடத்தைத் தூக்கிக் கொடுத்துடுவேன்."

"அப்படின்னா குடுங்க மிஸ்டர் கிராண்டல்" என்றது ஓர் இளங்குரல். "அது நான்தான்."

அந்தக் குரல் ஓபல் ரெயின்ஸுடையது. முதல் ஆட்டத்தில் மரக்கட்டை ஷூ போட்டு ஆடுகிற பெண், இருபத்திரண்டு வயதிருக்கலாம்.

"நீயா? அது குண்டுப் பொம்பளையாச்சே!"

"பஞ்சு கட்டியிருந்தேன். மாவு பூசியிருந்தேன். வேற என்ன வேணும்? பிறந்த தேதியா?"

நடைவழியில் சிரிப்பு எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். டெல்லா கதவின் கைப்பிடியைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள்.

மாலை ஐந்து மணிக்கு வாசலில் சாக்பீஸ் பலகை வைத்துவிட்டார்கள்: 'படத்தில் விழுந்த அதே பெண்மணி, இன்று இரவு மேடையில், நேரில்.' குடும்ப நாடகம் போடுகிற கோஷ்டியிடம் மாடிப்படி செட்டு இருந்தது. எதிர் ஓட்டலிலிருந்து கோப்பைகள் வந்தன.

ரயில் எட்டே முக்காலுக்கு. பிரயாண உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு டெல்லா பெட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது, இரவு ஆட்டத்தின் நடுவில் தனக்கு வேலையில்லாத நேரம் பார்த்து, டிரம் அடிக்கிற ஓட்டோ வெஸ்ஸல் உள்ளே வந்தார். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் விழும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு தட்டுவது அவர் வேலை. ஜாஸ்பரும் டெல்லாவும் யூட்டிகா வரும்போதெல்லாம் வாசித்தவர்.

"கிளம்பிட்டியா?"

"தெரியுதில்ல."

"அந்தப் பொண்ணு கழுத்தை ஒடிச்சுக்கப் போகுது."

"அவ கழுத்து, அவ பாடு."

ஓட்டோ பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். "மூணாவது படியில நீ நின்னப்ப எனக்குக் கை தானா நின்னுது, டெல்லா. நாலு வருஷம் முன்னாடி அந்த இடத்துல நான் ஒரு தட்டு அதிகமாத் தட்டிட்டு உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேனே, மறந்துட்டியா?"

டெல்லா அவருக்கு அடியில் மாட்டியிருந்த வாரை இழுத்தாள்.

"ஏன் சொல்ல மாட்டேங்கறே?"

"சினிமாவுல ஆடினேன்னு சொன்னா, மேடை கிடைக்காமப் போனேன்னு அர்த்தம்."

"கிடைக்காமத்தானே போனே?"

"அதை ஊருக்கே தண்டோரா போடணுமா? பெட்டியை விட்டு எந்திரி."

"நாளைக்கு ஏஜெண்டுகிட்ட போய் மறுபடி சாவுப் பாட்டுப் பாடப்போறே. அந்த விழுகை ஊரெல்லாம் ஓடும். பேரு ஓபல் ரெயின்ஸுக்கு."

"எந்திரின்னேன்."

அவர் எழுந்தார். அப்போது கதவு திறந்து ஓபலே வந்து நின்றாள். இடுப்பில் பஞ்சுத் திண்டு கட்டியிருந்தாள். முகத்தில் மாவு அப்பியிருந்தது. அந்த மாவுக்கு அடியிலும் அவள் வெளிறிப்போயிருப்பது தெரிந்தது.

"ஓட்டோ, உங்களைத்தான் தேடினேன். கேட்டுக்குங்க. படத்துல கீழேர்ந்து மூணாவது படியில நின்னேன்ல? அது தப்பா நின்னது. கால் மாட்டிக்கிச்சு. இன்னைக்கு அதை விட்டுட்டு நேரா கீழ வந்துடுவேன். நீங்களும் நிறுத்தாமத் தட்டிடுங்க."

ஓட்டோ டெல்லாவைப் பார்த்தார்.

டெல்லா பெட்டி வாரைக் கீழே போட்டாள். "தப்பா நின்னதா?"

"ஆமா மிஸஸ் குவின்லன். சும்மா உக்காந்து தொப்பியைத் தடவிக்கிட்டு. கதையே அங்க நின்னுபோகுது."

"ஏம்மா, அந்த இடத்துலதான் அவ எல்லாம் முடிஞ்சுதுன்னு நம்புறா. அவ நம்பினாத்தான் ஜனம் சிரிக்கும். அதை எடுத்துட்டா அது விழுறது இல்ல, வழுக்குறது. வழுக்குறதைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வர வேண்டாம். வெளியில பனியில நின்னாப் போதும்."

ஓபல் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. மாவில் கோடு விழுந்தது.

"நீங்களா? அப்ப மத்தியானமே ஏன் என்னைப் பிடிச்சு ரெண்டு வைக்கல?"

"நீ வாயைத் திறந்தப்ப நான் மூடிக்கிட்டேன். ரெண்டு பேரு கணக்கும் சரியாப் போச்சு. தள்ளு."

டெல்லா போன வேகத்தில் பக்கப் படுதாவுக்குள் நின்ற கிராண்டல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மேடையில் கடைசிக்கு முந்திய ஆட்டத்துக்காகத் திரையை இறக்கி, மாடிப்படியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்டர் கிராண்டல், படத்துல விழுந்தது நான். இப்ப விழப்போறதும் நான். நீங்க முன்னாடி போய் என் பேரைச் சொல்லணும். முழுப் பேரையும்."

அவர் அவளையும் மாவு பூசிய ஓபலையும் மாறி மாறிப் பார்த்தார். ஓபல் திண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"யார் விழுந்தா எனக்கென்ன? பலகையில பேரே போடலியே. பேசாம மாவைப் பூசிக்கிட்டு விழுந்துட்டுப் போங்களேன். யாருக்கும் தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மாவு வேண்டாம்."

"பேரைச் சொன்னா நாளைக்கே எல்லாத் தியேட்டர்காரனும் பேசுவான். டெல்லா குவின்லன் கஞ்சிக்கில்லாம சினிமாவுக்குப் போனவன்னு."

"போனவதான்" என்றாள் டெல்லா. "நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?"

கிராண்டல் திரைக்கு வெளியே போனார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் சொன்ன பேர் தியேட்டரின் கடைசி வரிசை வரைக்கும் போவதை, படிகளின் உச்சியில் தட்டோடு நின்றுகொண்டு டெல்லா கேட்டாள். ஜாஸ்பர் இல்லாமல், ஒரு விழுகைக்கு முன்னால் அந்தப் பேர் முதல் தடவையாகத் தனியாக ஒலித்தது. இரண்டு வார்த்தைதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

திரை ஏறியது. பிரயாணக் கோட்டும் தொப்பியுமாக ஒரு நாற்பது வயதுக்காரி படிமேல் நின்றாள். முகத்தில் ஒன்றும் பூசவில்லை. முன்வரிசையில் ஒரு சலசலப்பு. 'இந்தம்மா மத்தியானம் பாடினவங்களாச்சே' என்று யாரோ சொல்வதும் கேட்டது.

முதல் படியில் குதிகால் வழுக்கியது. ஓட்டோவின் டிரம் அடி அதே கணத்தில் விழுந்தது. அப்புறம் இடுப்பு, முழங்கை, மறுபடி இடுப்பு. தட்டு ஒரு தடவை தலைக்கு மேலே போனது, ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் போனது. கோப்பைகள் கிணுகிணுத்தன, ஒன்றும் விலகவில்லை. ஜூலைக்குப் பிறகு படாத இடங்களில் எல்லாம் அடி பட்டது. அவளுக்கு வலித்தது. ஜனங்கள் சிரித்தார்கள், தூக்கிவிட யாரும் ஓடி வரவில்லை.

மூன்றாவது படி. அவள் நின்றாள். ஓட்டோவின் குச்சி அந்தரத்தில் நின்றது. அவள் கோப்பைகளைப் பார்த்தாள். எல்லாம் பத்திரம். முகத்தில் ஒரு நிம்மதி, வீட்டு வாடகை கட்டி முடித்தவளுடைய நிம்மதி. மெதுவாகக் கையை உயர்த்தித் தொப்பியைச் சரிசெய்தாள். சிரிப்பு மாடி வகுப்பில் தொடங்கிக் கீழே இறங்கி வந்தது. அவள் அவசரப்படவில்லை. அது முழுதாக வந்து சேரட்டும் என்று, விருந்தாளிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு சறுக்கினாள். எழுந்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள். மேசை சாய்ந்தது.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் உள்ளே போகவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்தாள். பக்கப் படுதாவில் எல்லா ஆட்டக்காரர்களும் வந்து குவிந்திருந்தார்கள். மேடைக்காரன் தன் சக மேடைக்காரனிடம்கூட ஒப்புக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. அதை அவள் ஆயிரம் பேர் முன்னால் சொன்னாள்.

"ஜூலை மாசம் எனக்கு வேலை இல்லீங்க. ஒருத்தரும் கூப்பிடல. படகுல ஏறி ஆத்தைத் தாண்டிப் போய், ஒரு நாளைக்கு அஞ்சு டாலர்னு விழுந்துட்டு வந்தேன். அது நான்தான். நல்லாத்தான் விழுந்திருக்கேன், இல்ல?"

நல்லாத்தான் விழுந்தாள் என்பதைத் தியேட்டர் எழுந்து நின்று சொன்னது.

பிற்காலத்தில் டெல்லா குவின்லன் முப்பதுக்கு மேற்பட்ட சினிமாக்களில் விழுந்தாள். படத்தின் ஆரம்பத்தில் பேர் போட்டால்தான் படி ஏறுவேன் என்று கண்ணாடிக் கொட்டகைக்காரனிடம் அடித்துச் சொல்லி, இரண்டு மாதம் இழுபறிக்குப் பின் அதை வாங்கினாள். பெரிய தியேட்டர்காரர்கள் கிராண்டல் சொன்னபடியே பேசினார்கள், பாதிச் சம்பளம்தான் என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்றிரவு அவள் உள்ளே வந்ததும் கிராண்டல் கையைப் பிடித்துக்கொண்டார். வாரம் முழுவதும் கடைசிக்கு முந்திய இடம் என்றார். ஓபல் பக்கத்தில் நின்று, "எனக்கு என் பழைய இடமாவது இருக்கா மிஸ்டர் கிராண்டல்?" என்று கேட்டாள்.

"உனக்குப் படத்தைத் திருப்பித்தான் கொடுக்கணும்."

"நல்லா ஆடுறா. வாய்தான் ஜாஸ்தி" என்றாள் டெல்லா. "விட்டுடுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம். இப்ப ஒரு வேலை இருக்கு."

மேடையை இருட்டாக்கித் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். யந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. தன் சினிமாவை அவள் இதுவரை முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஜனங்கள் உட்கார்ந்திருந்த இருட்டுக் கூடத்துக்குள் போனாள். இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஒரு நாற்காலியும் மடங்கவில்லை. ஓர் ஆள்கூட எழுந்து போகவில்லை. நடைபாதையில் அப்படியே நின்று திரையைப் பார்த்தாள். திரையில் மாவு மூட்டையை ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தான்.

பின்னாலிருந்து ஒரு தடித்த குரல் எரிந்து விழுந்தது. நெசவு ஆலையில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்தவன் போலிருந்தான். கோட்டில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏம்மா, நடுவுல நின்னுக்கிட்டு! தொப்பி மறைக்குது. உக்காரு, உக்காரு. டெல்லா குவின்லன் வரப்போறா!"

"மன்னிச்சுக்குங்க" என்றாள் டெல்லா. அவன் பக்கத்திலேயே காலியாக இருந்த நாற்காலியில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.